கரிமணல் கரையில் வீடு: கதிர்வீச்சுக் கணக்கும் புற்றுநோய்க் கணக்கும்

கேள்வி: எங்கள் ஊர் மணவாளக்குறிச்சிக்கு அருகில் உள்ள ஒரு கடற்கரைக் கிராமம். எங்கள் தெருவில் 60 வீடுகள். கடந்த ஐந்து ஆண்டுகளில் மூன்று பேருக்குப் புற்றுநோய் வந்துவிட்டது: என் அத்தைக்கு மார்பகத்தில், எதிர்வீட்டுப் பெரியவருக்கு வாயில், இன்னொருவருக்கு இரைப்பையில். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்தபோது கதிர்வீச்சு அளக்கும் சிறு கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். கடற்கரையில் கரிமணல் மேல் வைத்தால் மணிக்கு 1.2 மைக்ரோசீவர்ட் என்றும், எங்கள் வீட்டுக் கூடத்தில் 0.35 என்றும் காட்டியது. பக்கத்து மனையில் புதுவீடு கட்டத் தொடங்கியிருந்தவன், இப்போது எல்லாவற்றையும் விற்றுவிட்டு நாகர்கோவிலுக்குப் போய்விடலாம் என்கிறான். பெங்களூரில் இருக்கும் என் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்கு இங்கே அனுப்ப அவளுடைய மாமியார் வீட்டார் தயங்குகிறார்கள். மணலை அள்ளினால் கதிர்வீச்சு குறையும் என்று ஒரு தரப்பும், அள்ளுவதால்தான் நோய் பரவுகிறது என்று மறுதரப்பும் சொல்கின்றன. எதை நம்புவது?
– ஓர் ஆசிரியை, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மணலில் உள்ள கதிர்வீச்சு உங்கள் உடலில் எவ்வளவு சேர்கிறது என்பது ஒன்று. உங்கள் தெருவில் நோய் இயல்பைவிட மிகுதியாக வந்திருக்கிறதா என்பது மற்றொன்று. மணல் அள்ளுவது சரியா என்பது மூன்றாவது. உங்கள் ஊரில் நடக்கும் வாக்குவாதம் முடியாமல் நீள்வதற்கு, இம்மூன்றில் ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்ற இரண்டுக்கும் இருதரப்பாரும் பயன்படுத்துவதே காரணம் என்பது என் எண்ணம். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்கிறேன்.

முதலில் மணல். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இருக்கும் பாறைகள், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் உருமாறியவை. இல்மனைட், கார்னெட், சிர்கான், சிலிமனைட் ஆகியவற்றோடு மோனசைட் என்ற கனிமமும் அவற்றில் சிறு மணிகளாகக் கலந்திருக்கிறது. பாறை சிதைந்து மண்ணாகும்போது இம்மணிகள் எளிதில் கரைவதில்லை. குழித்துறையாறும் வள்ளியாறும் அவற்றை அப்படியே கடலுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வெண்மணலாகிய குவார்ட்சின் அடர்த்தி 2.65, இல்மனைட்டுக்கு 4.7, மோனசைட்டுக்கு ஏறத்தாழ 5. முறத்தில் அரிசியையும் உமியையும் புடைத்துப் பிரிப்பதைப்போல, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தின் முரட்டு அலைகள் எடை குறைந்த வெண்மணலை அள்ளிச் சென்றுவிட்டு, எடை மிகுந்த கருமணலைக் கரையில் விட்டுவைக்கின்றன. கருநிறம் இல்மனைட்டால் வருவது, செந்நிறம் கார்னெட்டால் வருவது. கதிர்வீச்சு இவ்விரண்டிலிருந்தும் வரவில்லை. மஞ்சளும் பழுப்புமாக இவற்றினிடையே மறைந்திருக்கும் மோனசைட்டிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. எனவே மணல் எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து என்று கண்ணால் மதிப்பிட முடியாது. அதே இடத்தில் உங்கள் தம்பி ஆகஸ்டில் அளந்தால் ஓர் எண்ணும் பிப்ரவரியில் அளந்தால் வேறோர் எண்ணும் கிடைக்கும்.

மோனசைட்டில் இருப்பது தோரியம். அதன் அரையாயுள், அதாவது இருப்பதில் பாதி அழிய ஆகும் காலம், ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள். ஆகவே இந்தக் கதிர்வீச்சு நேற்று வந்ததும் அன்று, நாளை தீர்ந்துபோவதும் அன்று. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தபோதுதான் அதில் மோனசைட் இருப்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் மேண்டிலுக்கு அன்று தோரியம் தேவைப்பட்டதால், அடுத்த சில ஆண்டுகளிலேயே மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் வேலை தொடங்கிவிட்டது. உங்கள் முன்னோர் அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே அம்மணலில் வலை உலர்த்தி, கயிறு திரித்து வாழ்ந்தவர்கள்.

இனி கருவி காட்டிய எண். கதிர்வீச்சு உடலில் ஏற்படுத்தக்கூடிய பாதிப்பை அளக்கும் அலகு சீவர்ட்; ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட், ஆயிரம் மில்லிசீவர்ட் ஒரு சீவர்ட். மணிக்கு 1.2 மைக்ரோசீவர்ட் என்பதை ஓர் ஆண்டின் 8760 மணி நேரத்தால் பெருக்கினால் 10.5 மில்லிசீவர்ட் வரும். உங்கள் தம்பியை அச்சுறுத்தியது இந்தப் பெருக்கலாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இரவும் பகலும் கரிமணல் மேலேயே கிடப்பவர் எவரும் இல்லை. நாளொன்றுக்கு 20 மணி நேரம் வீட்டில் கழிகிறது என்று கொண்டால், 0.35 வீதத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.6 மில்லிசீவர்ட், கடற்கரையில் தினமும் ஒரு மணி நேரம் என்றால் 0.44, பள்ளியிலும் சாலையிலும் கழியும் மீதி நேரத்துக்கு ஏறத்தாழ 0.2 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 3.2 மில்லிசீவர்ட். உங்கள் மொத்தத்தில் பெரும்பங்கு, நீங்கள் அஞ்சும் கடற்கரையிலிருந்து வராமல் நீங்கள் உறங்கும் அறையிலிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். நம் கையில் இருக்கும் வாய்ப்பும் அங்கேதான் இருக்கிறது. பின்னால் அதற்கு வருகிறேன்.

இந்த 3.2 மிகுதியா? இயற்கைக் கதிர்வீச்சின் உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்று பலரும் எழுதுவதைப் பார்த்துவிட்டு, சற்றே கூடுதல், அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த 2.4-இல் பாதிக்கு மேல், நாம் மூச்சில் இழுக்கும் ரேடான் வளியால் வருவது. உங்கள் கருவி அதை அளப்பதில்லை. கருவி அளக்கும் வெளிக்கதிர்வீச்சை மட்டும் எடுத்துக்கொண்டால், நிலத்திலிருந்து 0.48, வானிலிருந்து 0.39, ஆக 0.87 என்பதுதான் உலக சராசரி. அந்த வகையில் உங்கள் பங்கு சராசரியைப்போல் மூன்றரை மடங்குக்கும் சற்று மேல். அதே நேரத்தில், வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனில் மட்டும் 8 முதல் 10 மில்லிசீவர்ட் வரை உடலில் சேரலாம் என்பதையும் அருகில் வைத்துப் பாருங்கள். பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்று துண்டறிக்கைகளில் அச்சிடப்படுவதும் உண்டு. அந்த வரம்பு, அணுத்துறை போன்ற மனிதச் செயல்களால் இயற்கை அளவுக்கு மேல் சேரும் பகுதிக்கு விதிக்கப்பட்டது; மண்ணிலேயே இருக்கும் கதிர்வீச்சுக்கு அதைப் பொருத்துவது தவறு. கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் சீசியத்தின் கதிரை அடிப்படையாகக் கொண்டு அளவு திருத்தப்படுபவை. தோரிய வரிசையின் கதிர்களில் சில அதைவிட மிக வலிமையானவை. எனவே அந்தக் கருவி புள்ளிக்குப் பின் காட்டும் இரண்டாம் இலக்கத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கமாட்டேன்.

இவ்வளவு கதிர்வீச்சில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோருக்கு என்ன நேர்கிறது என்பதை அறிய, உங்கள் கரையின் தொடர்ச்சியிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில், சவறை, நீண்டகரை ஆகிய கடற்கரைப் பகுதிகளில் இதே மோனசைட் மணல் இன்னும் செறிவாக உள்ளது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் 1990-களில் அங்கு வசித்த 3,85,103 பேரையும் பதிவு செய்து, வீடுவீடாக உள்ளேயும் வெளியேயும் கதிர்வீச்சை அளந்தார்கள். அவர்களில் 30 முதல் 84 வயது வரையிலான 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, 2005 இறுதிக்குள் 1379 பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. வீட்டில் எத்தனை மணி நேரம் இருப்பார்கள் என்பதை ஆண், பெண், வயது வாரியாகக் கணக்கிட்டு ஒவ்வொருவருக்கும் சேர்ந்த அளவை மதிப்பிட்டார்கள்; நான் மேலே உங்களுக்குப் போட்ட கணக்கு இதன் எளிய வடிவமே. 2009-இல் வெளியான முடிவு: கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

இந்த முடிவை, பார்த்தீர்களா, ஒன்றும் இல்லை என்று கைதட்டுவதற்குப் பயன்படுத்துவோரிடம் எனக்கு உடன்பாடு இல்லை. கிரே என்பது உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு; இங்கே பேசும் கதிர்களுக்கு ஒரு கிரேயை ஒரு சீவர்ட்டாகவே கொள்ளலாம். அந்த ஆய்வின் மதிப்பீடு, ஒரு கிரே அளவுக்கு, இயல்பான இடரோடு ஒப்பிட்ட கூடுதல் இடர் மைனஸ் 0.13, அதன் நம்பக இடைவெளியோ, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லையோ, மைனஸ் 0.58-இலிருந்து பிளஸ் 0.46 வரை விரிந்திருந்தது. அதாவது இடர் சுழியமாக இருக்கலாம்; சிறிதளவு இருந்து, இந்த ஆய்வின் சல்லடையில் சிக்காமல் போயிருக்கவும் கூடும். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுத்துறைத் தொழிலாளர்கள் 3,09,932 பேரைப் பற்றி 2023-இல் வெளியான ஆய்வு, சிறுகச் சிறுகச் சேரும் கதிர்வீச்சும் திண்மப் புற்றுநோய் (இரத்தப் புற்றுநோய் போன்றவை நீங்கலாக, உறுப்புகளில் கட்டியாக வருவது) இறப்பைக் கூட்டுவதாகவும், அந்தக் கூடுதல் ஒரு கிரேக்கு இயல்பான இறப்பு வீதத்தில் 52 விழுக்காடு என்ற அளவில் இருப்பதாகவும் கண்டது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று வெட்டுவதாக நான் நினைக்கவில்லை. இடர் இருந்தால் அது எவ்வளவு சிறியதாக இருக்கும் என்பதற்கு இரண்டும் சேர்ந்து ஒரு மேல்வரம்பு போடுகின்றன என்பதே என் வாசிப்பு.

உங்களுக்கே பொருத்திப் பார்ப்போம். நாகர்கோவிலிலும் கதிர்வீச்சு சுழியமாக இராது; எனவே அங்கு போகாமல் இங்கேயே இருப்பதால் ஆண்டுக்கு 2 மில்லிசீவர்ட் கூடுதல் என்று கொள்வோம். 50 ஆண்டுகளில் அது 100 மில்லிசீவர்ட். பாதுகாப்பு கருதிப் பன்னாட்டு அளவில் பயன்படும் கணக்கின்படி, ஒரு சீவர்ட்டுக்கு வாழ்நாள் இடர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர் என்ற அளவில் கூடும் என்றால், 100 மில்லிசீவர்ட்டுக்கு அரை விழுக்காடு. இந்தியர்களில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது புற்றுநோய் வரக்கூடும் என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு மதிப்பிடுகிறது. ஆக, 200 பேர் கொண்ட ஒரு தெருவில் எப்படியும் 22 பேருக்கு வரக்கூடிய இடத்தில், கடுமையான கணக்குப் போட்டாலும் அது 23 ஆகலாம். அந்த ஒருவர் யார் என்று எந்த மருத்துவராலும் சுட்டிக்காட்ட முடியாது.

இங்கிருந்து உங்கள் தெருவுக்கு வருகிறேன். 60 வீடுகள் என்றால் ஏறத்தாழ 250 பேர். இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேருக்குச் சற்றேறக்குறைய 100 பேர் புதிதாகப் புற்றுநோய்க்கு உள்ளாகிறார்கள்; அந்த வீதத்தில் 250 பேரில் ஐந்து ஆண்டுகளுக்கு எதிர்பார்க்கத்தக்கது 1.25. உங்கள் தெருவில் மூன்று. இரண்டு மடங்குக்கு மேல் என்று தோன்றும். ஆனால் இவ்வளவு சிறிய தொகையில் எண்ணிக்கை தற்செயலாகவே மேலும் கீழும் ஆடும். இதே அளவுள்ள தெருக்களை நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால், கரிமணலே இல்லாத ஊர்களிலும் எட்டில் ஒரு தெருவிலாவது மூன்று அல்லது அதற்கு மேல் இருக்கும் என்று நிகழ்தகவுக் கணிதம் சொல்கிறது. முதியவர்கள் மிகுந்த தெருவானால் வாய்ப்பு இன்னும் கூடும். ஒருவருக்கும் வராத தெருவிலிருந்து எனக்கு எவரும் கடிதம் எழுதுவதில்லை என்பதையும் நான் மறக்கக் கூடாது. மேலும், மார்பகம், வாய், இரைப்பை என மூன்றும் மூன்று வேறு உறுப்புகள். ஒரே காரணம் ஒரு தெருவைத் தாக்கியிருந்தால் பெரும்பாலும் ஒரே வகை நோய் திரும்பத் திரும்ப வரும். அப்படி வந்தால் நானே முதலில் பதறுவேன்.

எதிர்வீட்டுப் பெரியவர் வெற்றிலையோடு புகையிலை போடுபவரா, பீடி பிடித்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்பதற்குக் காரணம் உண்டு. கதிர்வீச்சால் கூடுதல் புற்றுநோய் இல்லை என்று கண்ட அதே கருநாகப்பள்ளி மக்களிடம், பீடி பிடித்த ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பது தெளிவாகத் தெரிந்தது. அதே பதிவேடு, அதே வீடுகள், அதே மணல். காரணம் பெரிதாக இருக்கும்போது அந்தச் சல்லடை அதைப் பிடித்தே விட்டது.

உங்கள் மகளின் மாமியார் வீட்டார் தயங்குவதற்குப் பின்னால் இருக்கக்கூடிய, மரபணு பற்றிய அச்சத்துக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1960-களில் பிரிட்டனைச் சேர்ந்த மரபியலாளர் ஹான்ஸ் க்ரூனெபர்க், மனிதர்களுக்கு முன் எலிகளைப் பார்ப்போம் என்று கேரளக் கரிமணல் பகுதியில் வளை தோண்டி வாழும் எலிகளைப் பிடித்து ஆராய்ந்தார். மணலோடு ஒட்டியே வாழும் அவற்றுக்கும் அயல்பகுதி எலிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 1976-இல் டில்லி மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் அதே கடற்கரையில் டவுன் நோய்க்குறி மிகுதி என்று எழுதியது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. ஒப்பிட்ட மக்கள்தொகை பொருத்தமானதன்று என்ற கண்டனமும் உடனே எழுந்தது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் அங்கு மாற்றங்கள் கூடுதல் என்று காட்டியது. மாற்றம் இருந்தது என்பதே அதன் செய்தி, அதனால் நோய் வந்தது என்று அது சொல்லவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக நான் எடை கொடுப்பது, பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் 1995 முதல் 2011 வரை அப்பகுதி மருத்துவமனைகளில் பிறந்த 1,41,540 குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வுக்கு. இறந்து பிறத்தலுக்கும் பெரிய பிறவிக் குறைகளுக்கும் கதிர்வீச்சு அளவோடு தொடர்பு அதில் தெரியவில்லை. ஆய்வு செய்தது அணுத்துறை நிறுவனம் என்பதால் சிலர் ஐயுறுகிறார்கள். அந்த ஐயம் இயல்பானதுதான். அதனால்தான் புற்றுநோய் மையத்தின் முடிவுகளையும் அருகில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

மணல் அள்ளுவது பற்றி இருதரப்பும் சொல்வதில் ஆளுக்குக் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மோனசைட்டைப் பிரித்தெடுத்துவிட்டு மீதி மணலைத் திரும்பக் கொட்டினால், அந்த நிலத்தின் மேற்பரப்பில் கதிர்வீச்சு குறையும். இது வெறும் கணக்கு. பிரித்த மோனசைட் ஆலைக்குள் செறிவாகச் சேரும். அதைக் கையாளும் தொழிலாளியின் அளவும், கழிவைப் புதைக்கும் குழியின் காவலும் தனியே கண்காணிக்கப்பட வேண்டியவை. ஆனால் கிள்ளியூர் வட்டத்தில் ஏறத்தாழ 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் போன்ற ஒன்றை எடைபோடும்போது, கதிர்வீச்சு எனக்கு முதல் கேள்வியே இல்லை. அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் வேர்விட்டுக் கட்டிவைத்திருக்கும் மணல்மேடு, கடலரிப்புக்கும் ஊருக்கும் இடையிலுள்ள ஒரே தடுப்பு. அதன் அடியில்தான் மழைநீர் தங்கி, உப்புநீரை அந்தண்டை நிறுத்தி, உங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீரை வைத்திருக்கிறது. பங்குனி ஆமை முட்டையிட வருவதும் அங்கேதான். அள்ளிய மணலைத் திரும்பக் கொட்டலாம். கொட்டிய குவியல் மணல்மேடாக ஆக எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். 2004 சுனாமியில் கொட்டில்பாடும் குளச்சலும் பட்டதைக் கண்ட மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மணல் எடுப்பதை எதிர்ப்பதற்கு இக்காரணங்களே போதும் என்பது என் சொந்தக் கருத்து. புற்றுநோய் அச்சத்தை முன்னிறுத்தினால், எதிர்த்தரப்பு ஒரே ஓர் ஆய்வறிக்கையைக் காட்டி முழு வாதத்தையும் முறியடித்துவிடும்; கிணற்று நீரைப் பற்றிய கேள்வி அங்கே கேட்கப்படாமலே போய்விடும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனால், தோண்டுவதற்கு முன் எடுத்த கதிர்வீச்சு வரைபடம், கிணறுகளின் உப்பளவு, உங்கள் கடற்கரை ஊர்களுக்கெனத் தனியே பிரித்த புற்றுநோய்ப் பதிவேட்டு எண்கள் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

தம்பியின் புதுவீட்டுக்கு வருகிறேன். நான் விற்கச் சொல்லமாட்டேன். ஆனால் அடித்தளம் நிரப்பவோ பூச்சுக்கோ கடற்கரை மணலை ஒரு கூடைகூடப் பயன்படுத்த வேண்டாம். உப்பு கம்பியை அரிக்கும் என்பதற்காக மேஸ்திரியே வேண்டாம் என்பார், உங்களுக்கு அதைவிட வலுவான காரணம் இருக்கிறது. எம்-சாண்ட் போதும். தரையில் கான்கிரீட்டைக் கனமாகப் போட்டு மேலே ஓடு பதித்தால், நிலத்திலிருந்து வரும் கதிரில் கணிசமான பகுதி அங்கேயே தடுக்கப்படும். தோரியத்திலிருந்து பிறக்கும் தோரான் என்ற வளியின் அரையாயுள் 56 விநாடிதான். அது சுவரையும் தரையையும் விட்டு வெகுதூரம் போவதற்குள் அழிந்துவிடும். எனவே மணல் கலந்த பழைய சுவருள்ள உங்கள் வீட்டில், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுவதும், பகலில் சன்னல்களைத் திறந்துவைப்பதும் செலவில்லாத நன்மை. மீனைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் தோரியத்தின் பொருட்டு அஞ்ச வேண்டாம். மோனசைட் நீரில் கரைவது மிக மிக அரிது. அத்தைக்கு மார்பகத்தில் வந்திருப்பதால், நீங்களும் மகளும் மருத்துவரிடம் குடும்ப வரலாற்றைச் சொல்லி, எந்த வயதிலிருந்து பரிசோதனை தேவை என்று கேட்டுக்கொள்வது, வீட்டை மாற்றுவதைவிடப் பயனுள்ளது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றுக்கான பரிசோதனைக்கு ஏற்பாடு உண்டு.

தம்பியின் கருவியை வீசிவிட வேண்டாம். கூடத்தில் வேண்டாம், மகள் படுக்கப்போகும் அறையில், கட்டில் உயரத்தில், பத்து நிமிடம் அசையாமல் வைத்துச் சராசரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கும் 0.35 என்றே இருந்தால், அவள் இங்கு வந்து குழந்தை பிறந்து மூன்று மாதம் தங்கித் திரும்பும்வரை, மொத்தம் ஆறு மாதத்தில், அவளுக்குச் சேரும் வெளிக்கதிர்வீச்சு ஏறத்தாழ ஒன்றரை மில்லிசீவர்ட். கருவுக்குக் குறை நேரக்கூடும் என்று மருத்துவம் கருதத் தொடங்கும் அளவு 100 மில்லிகிரே. அதுவும் உறுப்புகள் உருவாகும் முதல் மாதங்களுக்கே பெரிதும் பொருந்தும். சம்பந்தி வீட்டாரிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள். ஏழாம் மாதத்தில் அழைத்து வர நாள் பார்க்கலாம்.